பெரியவளின் நன்றி ஜெபம்

டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சபைக் கூடத்துக்குப் போகிற படிகள் செங்குத்தானவை. கைப்பிடியும் ஒரு பக்கம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன பெயின்டர் கைப்பிடியைத் தொடாமலே ஏறி வந்தார். வாசலில் ஷூ நாடா அவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி மறு முட்டியின் மேல் வைத்து, நின்றபடியே கட்டினார். ஒற்றைக் காலில்! பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவளுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அதற்குப் பொறாமை என்று அவள் பெயர் வைக்கவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததால் வந்த எரிச்சல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பசி எரிச்சல் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

விஷயம் இதுதான். பெரியவளும் சின்னவளும் கூடப்பிறந்தவர்கள். இருவருடைய கணவர்களும் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிற பெயின்டர்கள், ஒரே குழு. மூத்தவளைக் கட்டியவர் பெரிய பெயின்டர், இளையவளைக் கட்டியவர் சின்ன பெயின்டர். அந்தப் பெயர் வேலைத் திறமையால் வந்ததல்ல, பெண் எடுத்த வரிசையால் வந்தது. மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு நாள் சாரத்தின் கட்டு அவிழ்ந்து இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள். ஒரே சாரம், ஒரே உயரம், ஒரே மண் தரை. ஒரே ஆம்புலன்சில் போய் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். போதகர் நடுவில் நின்று, ஒரு கையை இவர் தலையிலும் மறு கையை அவர் தலையிலும் வைத்து, ஒரே ஜெபமாகத்தான் ஜெபித்தார்.

சின்ன பெயின்டருக்குத் தொடை எலும்பு முறிவு. அது கூடிவிட்டது. பெரிய பெயின்டருக்கு முதுகில் அடி. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி வீட்டுக் கட்டிலில் கிடந்தன. வலது பெருவிரல் மட்டும் எப்போதாவது, தனக்குத் தோன்றினால், கொஞ்சம் அசையும்.

'ஆண்டவரே, நீர் எந்தக் கையால் தொட்டீர், எந்தக் கையை எடுத்துக்கொண்டீர்?' என்று பெரியவள் பல நாள் கேட்டிருக்கிறாள்.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் பெரியவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கெட்டவளும் இல்லை. வெறும் அசட்டை. பெரியவள் விடிவதற்கு முன் எழுந்து முழங்கால் போடுகிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருக்கிறவள், வேதத்தில் எந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் புரட்டிப் பார்க்காமல் சொல்கிறவள். சின்னவளோ உபவாசத்தில் பிஸ்கட் சேர்த்தியில்லை என்பாள். பிரசங்கத்தில் தூங்குவாள். தூங்குவது தெரியக் கூடாதென்று ஜெபிக்கிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் வாய் திறந்திருக்கும், காட்டிக்கொடுத்துவிடும். இவள் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்று நாடா கட்டுகிறார்! வரிசையில் முதலில் வந்து நின்றவளை நிற்கவைத்துவிட்டு, நடுவில் புகுந்தவளுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

மறுநாள் சாயங்காலம் சின்னவள் பெரியவள் வீட்டுக்கு வந்தாள். கையில் அலுமினிய வாக்கர். நான்கு கால், நான்கு ரப்பர் குமிழ். அதில் ஒரு குமிழ் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கைப்பிடியில் பெயின்டர்கள் விளிம்புக்கு ஒட்டுகிற காகித டேப்பைச் சுற்றி வைத்திருந்தார் சின்ன பெயின்டர்.

"எங்களுக்கு இனிமே இது வேணாம்க்கா. அத்தானுக்கு ஆகும்ல, அதான் கொண்டாந்தேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! பெரியவளுக்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போல இருந்தது. சின்ன வயசிலிருந்து பெரியவளுடைய கவுனைத்தான் மடித்துத் தைத்துச் சின்னவள் போட்டாள். பெரியவளுடைய பழைய பள்ளிப் பையைத்தான் தூக்கினாள். பழசு எப்போதும் மேலிருந்து கீழே வரும். இன்றைக்கு முதன்முதலாகக் கீழிருந்து மேலே ஏறி வந்திருக்கிறது, அதுவும் வாக்கராக.

"வச்சிட்டுப் போ" என்றாள்.

சின்னவள் போனதும் வாக்கரை வீட்டின் பின்பக்க ஜன்னல் ஓரம் தள்ளினாள். வாளியில் பிழிந்து வைத்திருந்த தலையணை உறைகளையும் துண்டுகளையும் எடுத்து அதன் மேல் வரிசையாக உலர்த்தினாள். வாக்கரும் ஒன்றும் பேசாமல் துணியைச் சுமந்துகொண்டு நின்றது.

பெரிய பெயின்டர் கட்டிலில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்தப் புது ஆளு? எனக்கு ரெண்டு கால் வேலை செய்யல. இவனுக்கு நாலும் நல்லா இருக்கும்போல."

அவள் சிரிக்கவில்லை.

"நமக்குப் புதுசு வாங்கிக்கலாங்க."

"எப்போ?"

"வாங்குவேன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அவர் எதையுமே இரண்டாம் முறை கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒரு தடவைதான்.

வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோ பெண் வருவாள். சின்ன வயசு, கண்டிப்பான வாய். அந்த வாரம் வந்தவள் பெரிய பெயின்டரின் பாதத்தை அமுக்கிப் பார்த்தாள், முட்டியை மடக்கி நீட்டினாள், பெருவிரலை அசைக்கச் சொன்னாள். அது இரண்டு முறை அசைந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இனிமே படுக்கப் போட்டு வச்சிருக்கக் கூடாதும்மா. தினமும் பிடிச்சு நிக்க வைக்கணும். இப்போ விட்டுட்டீங்கன்னா காலு நிக்கிறதையே மறந்துடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வாக்கர் வாங்கச் சொன்னேனே, வாங்கலையா?"

"வாங்கணும்" என்றாள் பெரியவள்.

பிசியோ பெண்ணின் கண் ஜன்னல் பக்கம் போனது. ஒரு தலையணை உறையை ஓரமாக விலக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"துணி காயப்போட."

"வாக்கர்லயா?"

"அது எங்களுது இல்ல."

பிசியோ பெண் இவளையும் பார்த்தாள், படுத்திருந்தவரையும் பார்த்தாள். "உயரத்தை ஏத்தி இறக்கிக்கலாம். நல்ல கண்டிஷன்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பெரியவள் அந்தத் தலையணை உறையைப் பழைய இடத்திலேயே இழுத்துவிட்டாள். தான் செய்வது இன்னதென்று அவளுக்குத் தெரியாமலில்லை. கணவர் நிற்க வேண்டும் என்று விடியற்காலையில் அழுது ஜெபிக்கிற அதே கைதான் இந்தத் துணியையும் இழுத்துவிட்டது. தெரிந்தும் இழுத்தாள். பொறாமை அந்த அளவுக்கு அவள் கையைப் பிடித்து வைத்திருந்தது.

அக்காவும் தங்கையும் ஒரே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். பெரியவள் செக்கிங், சின்னவள் பேக்கிங். செக்கிங் என்றால் தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துக் குறை தேடுவது. தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணலா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பெரியவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை இல்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தக் கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. தங்கை சிரித்தால் அதில் ஓர் அம்பு, அவள் நடையில் ஓர் அம்பு, அவள் வீட்டுக்காரர் காலில் இரண்டு அம்பு என்று மனசுக்குள் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் சின்னவள் பேக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். வாயெல்லாம் பல்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க நன்றி செலுத்தப்போறோம். ஜெபத்தை நீதான் ஏறெடுக்கணும்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம். நன்மை பெற்ற குடும்பம் முன்னால் போய் நிற்கும், ஆனால் நன்றி ஜெபத்தைத் தங்கள் வாயால் சொல்லாது. தங்களுக்காக ஒருவரைத் தேர்ந்துகொள்ளும். தேர்ந்துகொள்ளப்பட்டவர் மாட்டேன் என்று சொன்னதாக அந்தச் சபையில் பேச்சே கிடையாது.

"போதகரம்மாவைக் கேளேன். அவங்க அழகா ஜெபிப்பாங்க" என்றாள் பெரியவள்.

"அவங்க வேணாம். நீதான்."

பேக்கிங் மேசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சரி என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, அன்றைக்கு மதியம் குறையே இல்லாத மூன்று நான்கு சட்டைகளுக்கு அம்பு ஒட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அவளுக்கு! என் வீட்ல இருட்டு, அவ வீட்டு வெளிச்சத்துக்கு நான் போய் நன்றி சொல்லணுமாம். என்னால முடியாது. மனசு வரலைங்க."

பெரிய பெயின்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவருக்கு அதுதான் சுவர்.

"முதல் கோட்டு அடிக்கறப்போ சுவரு எப்படி இருக்கும் தெரியுமா? திட்டுத் திட்டா, சகிக்காது. அடிக்காமலே விட்டிருக்கலாமோன்னு தோணும். அதுக்காக எந்தப் பெயின்டரும் ப்ரஷ்ஷைக் கீழ வைக்கிறதில்ல. மனசு பின்னால வரட்டும். நீ போய் ஜெபி."

"உங்களுக்குக் கொஞ்சமும் பொறாமையே இல்லையா?"

"இல்லாம? அவன் படியேறிப் போனான்னு கேட்டதும் அன்னைக்குப் பூரா உன்கிட்ட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தேனே, நீ கவனிக்கல. எனக்கு எழுந்துபோகக் கால் இல்ல, அதனால பொறாமையும் இந்தக் கட்டிலோட நின்னுடுச்சு. உனக்குக் கால் இருக்கு, அது ஊரெல்லாம் சுத்துது."

அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சொன்னால் சொன்னதுதான் என்று அவள் தயாரானாள். கீழ்ப்படிதல் என்பதைவிட வீம்பு என்று சொல்வது பொருத்தம். ஜெபிக்கிற ஜெபத்தில் யாரும் ஒரு குறை காணக் கூடாது. வெண்டைக்காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, தங்கை குடும்பத்தை எங்கே சொல்வது என்று எல்லாம் முடிவானது. வாக்கர் துணியோடு அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்னவளும் சின்ன பெயின்டரும் கூடத்தின் முன்னால் போய் நின்றார்கள். சின்னவள் அழுத்தமாக இஸ்திரி போட்ட உடையில் இருந்தாள். அவர் இரண்டு காலிலும் சரிசமமாக நின்றார், ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பெரியவளின் கண் முதலில் போனது அந்தக் காலுக்குத்தான். குறை தேடினாள். இல்லை.

போதகர் சைகை காட்டினார். எல்லோரும் கண் மூடினார்கள். பெரியவள் தொடங்கினாள்.

"அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரம பிதாவே, இம்மட்டும் எங்களைக் காத்து நடத்தினவரே, உமக்கு ஸ்தோத்திரம். உயரத்திலிருந்து விழுந்த வேளையில் உயிரைக் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூடம் அங்கங்கே 'ஆமென்' என்று முனகியது. அடுத்து 'என் தங்கையின் கணவரை' என்று வர வேண்டும். ஆனால் விடியற்காலைதோறும் முழங்காலில் நின்று ஒரே வழியில் ஓடிப் பழகிய நாக்கு அது. வாரம் முழுவதும் செய்த ஒத்திகை அதனிடம் எடுபடவில்லை.

"என் கணவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அவருடைய கால்களுக்குப் பெலன் கொடுத்து, நிற்கவும் நடக்கவும் செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதுக்கே அது கேட்டது.

கீழே டயர் கடையில் யாரோ ஒரு சக்கரத்தை உருட்டிப் போட்டது தெளிவாகக் கேட்டது. பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தங்கை வீட்டு நன்மையைச் சபை நடுவில், அதுவும் ஜெபத்தில், தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டாளே! எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. உள்ளே இருந்த அசிங்கம் வாய் வழியாக வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல், "ஆமென்!" என்றது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பிறகு கூடமே, "ஆமென்! ஆமென்!" என்று அதிர்ந்தது. யாரோ அழுதார்கள். யாரோ அல்லேலூயா என்று கத்தினார்கள்.

நடந்தது என்னவென்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. இன்னும் கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாகவே சொல்லி முன்கூட்டி நன்றி செலுத்துவது அந்தச் சபையில் உண்டு. அதை விசுவாச அறிக்கை என்பார்கள், எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. பெரியவளுக்கு வந்துவிட்டதாகக் கூடம் முடிவு செய்துவிட்டது. நாக்குத் தவறியதை யாரும் நாக்குத் தவறியதாகக் கேட்கவில்லை.

ஜெபத்தை எப்படி முடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. முடித்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான்மா விசுவாசம்! எங்களுக்கெல்லாம் எங்க இருக்கு?" என்றாள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு நான் பிரசங்கமே பண்ண வேண்டியதில்ல" என்றார். சொன்னாரே தவிர, வழக்கம்போல நீட்டமாகவே பண்ணினார். ஆராதனை முடியும்வரை பெரியவள் அடுத்தவர் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் உட்கார்ந்தவளைப் போல நெளிந்துகொண்டிருந்தாள். முடிந்ததும் யாரிடமும் பேசாமல் படியிறங்கி ஓடினாள்.

டயர்கள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் சின்னவள் எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, நில்லு. ஏன் ஓடறே?"

"விடுடி என்னை." பெரியவளுக்கு மூச்சிரைத்தது. "அது விசுவாசம் கிசுவாசம் ஒண்ணும் இல்ல. வாய் குளறிடுச்சு. உன் வீட்டுக்காரர் நடக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயித்தெரிச்சல். நீ கொண்டாந்த வாக்கர்ல நான் துணி காயப்போட்டிருக்கேன். அவர் நிக்கணும்னு பிசியோ சொல்லியும் எடுத்துக் குடுக்கல. போ, போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

சின்னவள் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு, "துணியா?" என்றாள்.

"ஆமா. தலையணை உறை."

"பொறாமைன்னு தெரியும்க்கா. நான் வாயைத் திறந்தாலே நூல் வெட்டுற கத்தரியோட நிக்கிற மாதிரி நிப்பே, தெரியாதா எனக்கு? துணி காயப்போடற அளவுக்குன்னுதான் தெரியாது."

"தெரிஞ்சுமா என்னை ஜெபிக்கச் சொன்னே? குத்திக் காட்டவா?"

"ஐயோ, இல்லக்கா." சின்னவளின் குரல் இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரி வராந்தால நான் என்ன பண்ணேன்? பெஞ்சுல சுருண்டு தூங்கினேன். ஒரு வார்த்தை ஜெபிக்க வரல எனக்கு, பயத்துல. முழிப்பு வர்றப்போல்லாம் பார்ப்பேன், நீ முழங்கால்ல இருப்பே. 'முதல்ல அவ புருஷனைத் தொடும், அவ சின்னப் பிள்ளை, தாங்க மாட்டா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தே. அதைக் கேட்டுட்டு நான் நிம்மதியா மறுபடி தூங்கிடுவேன். அவரு நடக்கிறது உன் ஜெபத்துலக்கா. என் ஜெபத்துல இல்ல. அப்போ நன்றியை வேற யாரு சொல்றது?"

பெரியவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஜெபித்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அந்த வராந்தாவில் அவள் கேட்டது நிஜம், முதலில் தங்கைக்குத்தான் கேட்டது நிஜம். இத்தனை நாளும் தட்டியும் கதவு திறக்கவில்லை, கேட்டது கிடைக்கவில்லை என்று ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருந்தாளே, கேட்டதில் ஒரு பாதி இரண்டு காலும் ஊன்றிக் கண்ணெதிரே நின்றிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வயிறெரிந்தாள். தன் ஜெபத்தின் மேலேயே பொறாமைப்பட்டவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்போ என் வீட்டுக்காரருக்கு ஏன்டி இன்னும் இல்ல?"

"எனக்குத் தெரியலக்கா" என்றாள் சின்னவள்.

அந்தப் பதில் பெரியவளுக்குப் பிடித்திருந்தது. இந்தச் சில மாதங்களில் ஆளாளுக்குக் காரணம் சொல்லியிருந்தார்கள். தெரியவில்லை என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா. தனியா என்னால தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மத்தியானத்துக்குள் மூன்று பேரும் பெரிய பெயின்டரின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியவள் துணிகளை எடுத்து நாற்காலியில் போட்டாள். சின்ன பெயின்டர் தரையில் உட்கார்ந்து வாக்கரின் காலை ஒவ்வொன்றாக நீட்டி, பெரிய பெயின்டரின் உயரத்துக்கு ஏற்றினார். தேய்ந்த குமிழைக் கழற்றிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த புதியதை மாட்டினார்.

"என்ன திடீர்னு?" என்றார் பெரிய பெயின்டர்.

"சபையில நீங்க நடந்துட்டீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாரும் ஆமென் வேற போட்டுட்டாங்க" என்றாள் பெரியவள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். விழுந்த பிறகு அப்படி அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

முதல் தடவை முடியவில்லை. தூக்கிய வேகத்திலேயே கால் மடங்கி, அத்தனை பேரும் கட்டிலில் சரிந்தார்கள். சின்ன பெயின்டர் பின்னாலிருந்து அக்குளுக்கடியில் கை கொடுத்தார். "அண்ணே, சாரத்துல ஏறுற மாதிரி நினைச்சுக்குங்க. கையில பாரத்தைப் போடுங்க." சின்னவள் ஒரு முட்டியைப் பிடித்துக்கொண்டாள், பெரியவள் மறு முட்டியை. இரண்டாம் தடவை இடுப்பு நிமிர்ந்தது. கை இரண்டும் வாக்கரை இறுக்கிப் பிடித்தன. நின்றார். நிறுத்திவைத்தார்கள் என்பதுதான் சரி, ஆனால் தலை மேலே இருந்தது, பாதம் தரையில் இருந்தது.

பெரியவளுக்கு எதிரே சின்ன பெயின்டரின் கால்கள் தெரிந்தன. அகல ஊன்றி, இரண்டு ஆள் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, தூண் போல நின்றன. அந்த எரிச்சல் அப்போதும் வயிற்றில் ஒரு முறை எட்டிப் பார்த்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கை மட்டும் முட்டியை விடவில்லை.

"ஜெபி" என்றார் கணவர்.

இத்தனை வயசுக்கு அவள் ஒரு நாளும் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தவள் இல்லை. இப்போது மூடினால் முட்டி மடங்குவது தெரியாது. திறந்தே வைத்துக்கொண்டாள். தங்கையும் மறு முட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பழகிய வார்த்தைகளைத் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆண்டவரே, நிக்கிறாரு. பிடிச்சுக்கிட்டு இருக்கோம். எனக்குப் பொறாமை இன்னும் போகல, அதையும் நீரே பார்த்துக்கும். தம்பிக்குக் காலைக் குடுத்தீரே, அதுக்கு நன்றி. நெஜமாவே நன்றி. இவரு கால்..." முட்டி அவள் கைக்குள் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அவள் பயந்துபோய், "ஆமென், ஆமென்! தம்பி, உக்கார வைங்க" என்றாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றார் பெரிய பெயின்டர். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அங்கே கண்ணை மூடியிருந்தவர் அவர் ஒருவர்தான். "இன்னும் கொஞ்சம் ஜெபி. நின்னுக்கிட்டே கேக்கறேன்."

விழுந்த பிறகு முதல் தடவையாக அவர் ஒன்றை இரண்டாம் முறை கேட்டார். அவள் முட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் தொடங்கினாள்.